புக்கிட் ஜம்புல் கோல்ஃப் திடல்: சமதரை தேடி ஆட வேண்டிய மலை

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள இந்தத் திடலுக்குப் பினாங்கு கோல்ஃப் கிளப் என்று பெயர் மாறிவிட்டது. ஆனாலும் இங்குள்ள பலருக்கு அது இன்னும் புக்கிட் ஜம்புல்தான். ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் குன்றுச் சரிவில் வடிவமைத்த 18 குழித் திடல். காடு ஓரத்திலேயே நிற்கும்; ஃபேர்வே (தொடக்க இடத்துக்கும் குழிக்கும் நடுவே புல் வெட்டிய பாதை) ஏறும், இறங்கும், பக்கவாட்டில் சாயும். டிரைவரை (நீண்ட தூரத்துக்கான மட்டையை) ஓங்கி அடிப்பவருக்கு இந்த மலை இரக்கம் காட்டாது. 180 மீட்டர் நேராக அடித்து, அடுத்த அடிக்குக் காலூன்ற இடம் பார்த்து வைப்பவர் இங்கே நல்ல ஸ்கோர் கார்டோடு இறங்கலாம். தீவில் யோசித்து ஆட ஒரு திடல் வேண்டுமென்றால் தயங்காமல் இதைச் சொல்லலாம்.

முதலில் உயரக் கணக்கு. மேட்டில் இருக்கும் கிரீனுக்கு (குழியும் கொடியும் உள்ள புல்தரைக்கு) ‘ஒரு கிளப் கூட்டு’, அதாவது இன்னும் தூரம் போகும் அடுத்த மட்டையை எடு என்பார்கள். அது பாதிதான் சரி. பந்து எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது அது. கிரீன் 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 45 டிகிரியில் இறங்கும் பந்துக்கு 10 மீட்டர் குறையும். 40 டிகிரியில் தாழ்வாக வரும் ஹைபிரிடுக்கு (நீண்ட அடிக்கான ஒரு மட்டை) 12 மீட்டர் குறையும். 50 டிகிரியில் செங்குத்தாக விழும் வெட்ஜுக்கு (பந்தை உயரத் தூக்கும் குறுந்தூர மட்டை) எட்டரை மீட்டர்தான். அதாவது தூரத்திலிருந்து மேட்டுக் கிரீனை எட்ட முயல்பவருக்கே நட்டம் அதிகம். பந்து மேட்டின் சரிவில் மோதி நின்றுவிடும். ஸ்டிரோக் இன்டெக்ஸ் (குழியின் கடின வரிசை) சின்ன எண்ணாக இருக்கும் மேட்டு பார்-4 குழியில், அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டிய கடினமான குழியில், டிரைவ் (முதல் அடி) சரியாக விழவில்லையா? இரண்டாவது அடியிலேயே கிரீனைத் தேடாதீர்கள். 80, 90 மீட்டர் மிச்சம் இருக்கும்படி, கால் சமமாக நிற்கும் இடத்தில் பந்தை வைத்துவிட்டு வெட்ஜால் ஏற்றுங்கள். போகி (பாரைவிட ஓர் அடி கூடுதல்) வரும், சில நாள் பாரும் வரும். ஏழும் எட்டும் வராது.

அந்த வெட்ஜையும் கொடிக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது, கொடியைத் தாண்டிக் கணக்குப் பார்க்க வேண்டும். மேட்டுக் கிரீனின் முன்விளிம்பு சரிவாக இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? பந்து விளிம்பில் விழுந்து ஒரு கணம் நிற்கும். ‘ஏறிவிட்டது’ என்று மூச்சு விடுவதற்குள் பின்சுழற்சி இழுக்க, மெல்ல உருளத் தொடங்கி, 20 மீட்டர் இறங்கிப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். கிளப்பைத் தவறாக எடுத்ததற்கு ஒரு அடி முழுதாகப் போய்விடும். முன்பக்கம் கொடி இருக்கும் நாளில் கிரீனின் நடுவுக்கு அடியுங்கள்.

பக்கச் சரிவில் நிறைய பேர் குறியை மாற்றவே மறக்கிறார்கள். பந்து காலைவிட உயரத்தில் இருந்தால், வலக்கை ஆட்டக்காரருக்குக் கிளப் முகம் இடப்பக்கம் பார்க்கும். லாஃப்ட் (கிளப் முகத்தின் சாய்வு) கூடக் கூட இந்தத் திருப்பமும் கூடும். 5 டிகிரிச் சரிவில் பிட்சிங் வெட்ஜால் 100 மீட்டர் அடித்தால் பந்து ஏழெட்டு மீட்டர் இடப்பக்கம் போகும். பிடியை ஓர் அங்குலம் கீழிறக்கி, குறியை அந்த அளவு வலப்பக்கம் மாற்றினால் போதும். பந்து காலுக்குக் கீழே இருந்தால் நேர் எதிர். முழங்காலைக் கூடுதலாக மடக்கி, அடித்து முடியும்வரை நிமிராமல் இருக்க வேண்டும். நிமிர்ந்தால் பந்தின் தலையில்தான் படும்.

இறக்கத்து பார்-3 பார்க்க அழகு. ஆனால் பந்து காற்றில் அதிக நேரம் மிதப்பதால் பக்கக்காற்று கூடுதலாகத் தள்ளும். ஓரத்துக் கொடியை அங்கே மறந்துவிடுவது நல்லது.

லேசர் தூரமானி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சொல். மலேசியத் திடல்களில் பெரும்பாலும் மீட்டர் கணக்கு. கருவி கஜத்தில் இருந்தால் 150 மீட்டரை 164 என்று காட்டும். ஒரு கிளப்புக்கும் மேல் தவறு. 2019 விதிகள் போட்டியில் தூரம் அளக்க அனுமதித்தன, உயர வேறுபாட்டை அளக்க அல்ல. ஆகவே போட்டி நாளில் சரிவு அளக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

காட்டோரம் பந்து போனால், வெள்ளைக் கம்பமா (திடலின் எல்லை) சிவப்பா (தண்டனைப் பகுதி) என்று டீயிலிருந்தே (முதல் அடி அடிக்கும் இடம்) பாருங்கள். வெள்ளைப் பக்கம் போயிருக்கலாம் என்றால் சொல்லிவிட்டு உடனே தற்காலிகப் பந்து (முதல் பந்து போய்விட்டால் அதற்குப் பதிலாக ஆடும் பந்து) ஒன்று அடித்துவிட வேண்டும். மேடேறித் திரும்பி வருவது கொடுமை. சிவப்புக்குள் விழுந்தது நிச்சயம் என்றால் தற்காலிகப் பந்துக்கு இடமில்லை. பந்து எல்லை கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் போடலாம், ஓர் அடி தண்டனை. தேட மூன்று நிமிடம்தான். சரிவான காட்டுக்குள் காலை விடுவதைவிட அந்த ஓர் அடி மலிவு.

கிரீனில் சரிவை மட்டும் பார்த்தால் போதாது, பெர்முடா வகைப் புல் சாயும் திசையும் உண்டு. குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள்: ஒரு பக்கம் கூர்மையாக வெட்டியது போலவும், மறுபக்கம் பிய்ந்து பழுப்பாகவும் இருக்கும். புல் அந்தப் பிய்ந்த பக்கம் நோக்கிச் சாய்கிறது. பளபளப்பாகத் தெரியும் திசையில் தட்டினால் பந்து ஓடும், கருமையாகத் தெரிந்தால் இழுத்துப் பிடிக்கும்.

செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். மதியத்துக்குப் பின் இடி வரும். காலையில் ஆட்டம் தொடங்கும் முதல் டீ நேரமே பிடியுங்கள். பக்கியை (கோல்ஃப் வண்டியை) பாதையைவிட்டு இறக்கக் கூடாது என்ற நாளில், பந்து கீழே எங்கோ கிடக்கும். மூன்று கிளப்பும் பட்டரும் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) கையோடு எடுத்துப் போங்கள், இல்லையென்றால் இரண்டு முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஈரச் சரிவில் பக்கியைக் குறுக்கே திருப்பாதீர்கள். இறங்கும் முன் பிரேக்கை ‘டக்’ என்று பூட்டும்வரை அழுத்துங்கள். சைரன் ஒரே நீளமாக ஊதினால் ஆபத்துக்கான உடனடி நிறுத்தம்: பட்டர் கையிலிருந்தாலும் அடிக்காமல், பந்தை அங்கேயே விட்டுவிட்டுக் கட்டடத்துக்குப் போக வேண்டும். மரத்தடியும் பக்கியும் மின்னலுக்குப் புகலிடம் ஆகாது.