பிரஸ் இல்லாமல் வீட்டிலேயே லினோ பிரிண்ட்: சில வருட அனுபவம்

லினோகட் என்றால் லினோ என்கிற தகட்டில் படத்தைச் செதுக்கி, செதுக்காமல் விட்ட பரப்பில் ரோலரால் மை தடவி, மேலே காகிதத்தை வைத்து அழுத்திப் படி எடுப்பது; அப்படி அழுத்துகிற இயந்திரம்தான் பிரஸ். வீட்டில் லினோகட் செய்யப்போகிறேன் என்று சொல்கிற எல்லோரும் முதலில் கேட்பது பிரஸ் எங்கே கிடைக்கும், என்ன விலை என்பதுதான். இப்போதைக்கு வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தப் பணத்தில் நல்ல ரோலரும் நல்ல மையும் வாங்குங்கள், மிச்சமிருந்தால் அறையைச் சரிபண்ணுங்கள். சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் சில வருடங்களாக இப்படித்தான் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன், போன வருடம் அறையையும் மொத்தமாக மாற்றியமைத்தாயிற்று, எது நின்று உழைக்கிறது எது பாதியில் காலை வாருகிறது என்று இப்போது ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் மேசை. வரைவதற்கும் செதுக்குவதற்கும் உட்கார்ந்து வேலை செய்கிற சாதாரண மேசை போதும். பிரிண்ட் எடுப்பது அப்படியல்ல, நின்றுகொண்டு தோளின் பாரத்தை இறக்கித் தேய்க்கிற வேலை, தாழ்ந்த மேசையில் குனிந்து செய்தால் அரை மணி நேரத்தில் இடுப்பு போய்விடும். தச்சரைக் கூப்பிட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து சமையல் மேடை உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். அறையில் செய்த மாற்றங்களிலேயே செலவு குறைவு, பலன் அதிகம் இதற்குத்தான். அவரிடமே மிச்சமிருந்த பிளைவுட் துண்டில் ஒரு தடுப்புப் பலகையும் செய்து வாங்கிக்கொண்டேன்: ஒரு ஓரத்தில் மேல்பக்கம் ஒரு சட்டம், எதிர் ஓரத்தில் அடிப்பக்கம் இன்னொரு சட்டம், அவ்வளவுதான். அடிச் சட்டம் மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், மேல் சட்டத்தில் லினோ முட்டி நிற்கும். லினோவைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருந்தால் உளி வழுக்கினாலும் விரல் தப்பும்.

வெளிச்சமும் முக்கியம். தலைக்கு மேலே டியூப்லைட் மட்டும் இருந்தால் சாம்பல் நிற லினோவில் செதுக்கிய கோடு கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் நிழல் விழாது. மேசை விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு கீறலும் எழுந்து நிற்கும்.

அடுத்தது மை. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் எல்லோரும் வாங்குவது தண்ணீரில் கழுவக்கூடிய வாட்டர் பேஸ் மை. விலை குறைவு, கழுவுவது சுலபம், எல்லாம் சரி. ஆனால் நம் ஊர் வெயிலுக்கு அது, ரோலரால் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டிப் பரப்பி முடிப்பதற்குள் ஓரங்களில் காய ஆரம்பித்துவிடும், ஃபேன் ஓடினால் கேட்கவே வேண்டாம். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வை சொட்டச் சொட்ட பிரிண்ட் எடுத்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். இன்னொன்று, அந்த பிரிண்டின்மேல் வாட்டர்கலர் பூசினால் மை கரைந்து கலங்கிவிடும் வாய்ப்பு அதிகம்.

இப்போது நான் பயன்படுத்துவது சோப்புத் தண்ணீரில் கழுவக்கூடிய எண்ணெய் மை. பிரிட்டனில் கிரான்ஃபீல்டு கம்பெனி செய்கிற கேலிகோ சேஃப் வாஷ் இந்த வகைதான். விலை கூடுதல், ஒளிக்க ஒன்றுமில்லை, ஆனால் ஒரு டியூப் நெடுநாள் வருகிறது. ஃபேன் ஓடும்போதே நிதானமாக வேலை செய்யலாம், காய்ந்தபின் மேலே வாட்டர்கலரும் பூசலாம். பழைய பாணி எண்ணெய் மை வைத்திருக்கிறவர்களும் டர்பன்டைன் வாசனையில் மூச்சுத்திணற வேண்டியதில்லை, கண்ணாடியை முதலில் கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டுத் துடைத்து, அப்புறம் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டால் போய்விடும்.

மை எவ்வளவு வேண்டும் என்பதைக் கண்ணைவிடக் காதுதான் சரியாகச் சொல்லும். அதிகமாக இருந்தால் ரோலர் சளக் சளக் என்று ஒட்டி ஒட்டிப் பிரியும், மையின் மேல்பரப்பு ஆரஞ்சுத் தோல்மாதிரி மேடு பள்ளமாகத் தெரியும். அளவாக இருக்கும்போது மெல்லிய, விட்டுவிடாத ஒரு 'ஸ்ஸ்' சத்தம் மட்டும் கேட்கும், பரப்பு மிக நுண்ணிய சொரசொரப்போடு இருக்கும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் லினோ பக்கம் போக வேண்டும்.

எண்ணெய் மை பயன்படுத்துகிறவர்கள் ஒரு விஷயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. ஆளி விதை எண்ணெய் கலந்த மையைத் துடைத்த துணியைக் கசக்கி மூலையிலோ குப்பைக்கூடையிலோ போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அந்த எண்ணெய் காய்வதே காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துத்தான், அதில் சூடு பிறக்கிறது, குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. துணியைத் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள், இல்லையென்றால் பால்கனியில் விரித்துக் காயவிடுங்கள்.

ரோலரில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். நான் முதலில் வாங்கிய மலிவு ரோலரின் ரப்பர், வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டதில் பிசுபிசுத்துப்போய் விரல் வைத்தால் ரேகை பதிகிற நிலைக்கு வந்துவிட்டது. நல்ல ரோலரையும் மேசையில் படுக்கப் போட்டால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும், ஆணியில் மாட்டிவைப்பதுதான் சரி.

லினோ ஒன்றும் பிளாஸ்டிக் இல்லை. ஆளி விதை எண்ணெய், பிசின், கார்க் தூள் எல்லாம் கலந்து சணல் துணியில் படிய வைத்தது, 1860களில் ஃபிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் தரைவிரிப்புக்காகக் கண்டுபிடித்தது. அதனால்தான் நாள்பட நாள்பட இறுகும். கடையில் கிடந்த பழைய ஸ்டாக் கிடைத்தால் உளி இறங்காது, ஓரம் பொடிந்து உதிரும். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து எடுத்தால் வெண்ணெயாக வெட்டும், இந்த விஷயத்தில் சென்னை வெயிலுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ரொம்பவும் இறுகிப்போனதற்கு வெயிலாலும் உயிர் வராது, அதை வாங்காமல் இருப்பதே மேல்.

தமிழ் எழுத்து செதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்தை இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், டிரேசிங் பேப்பரில் எழுதித் திருப்பிப் போட்டால் முடிந்தது. சிக்கல் வேறு. ண, ணை போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிதாக இருந்தால் உள்ளே மை அடைத்துக்கொள்ளும், அதனால் சுழிகளைக் கையெழுத்தில் வருவதைவிடப் பெரிதாகத் திறந்து விடுங்கள். வளைவில் உளியைத் திருப்பாமல், உளியை அப்படியே வைத்து லினோவைத் திருப்புங்கள். புள்ளியைச் சற்றுத் தடிமனாகவே விடுங்கள், மெலிந்த புள்ளி சில பிரிண்டுகளில் உதிர்ந்துவிடும், அப்புறம் 'கண்' 'கண' ஆகிவிடும்.

இனி பிரஸ்ஸுக்கு வருகிறேன். ஏ4 அளவு வரைக்கும் எனக்கு மரக் கரண்டியின் முதுகே போதுமானதாக இருக்கிறது. ரகசியம் கரண்டியில் இல்லை, காகிதத்தில்தான். ஐம்பது அறுபது ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு) கொண்ட மெல்லிய ஜப்பானிய வகைக் காகிதம் என்றால் தேய்க்கத் தேய்க்கப் படம் பின்பக்கமே மங்கலாகத் தெரியும், எங்கே அழுத்தம் போதவில்லை என்று பார்த்துப் பார்த்துத் தேய்க்கலாம். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளில் கையால் எடுக்கப் பார்த்தால் தோள்வலிதான் மிச்சம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதங்களில் மெல்லிய ரகங்கள் நன்றாக மை வாங்குகின்றன, ஆனால் பரப்பில் நார்த்தடிப்பு இருக்கும் தாள்களை ஒதுக்கிவிடுவேன், அந்த இடத்தில் வெள்ளைப் பொட்டு விழும்.

நண்பரிடம் ஒரு சின்ன மேசை பிரஸ்ஸை இரவல் வாங்கிச் சில மாதம் வைத்திருந்தேன். பெரிய கறுப்புப் பரப்புகளுக்கு அது அருமை. 1930ல் ஓவியர் நந்தலால் போஸ் செதுக்கிய, காந்தி கம்பூன்றி நடக்கும் அந்த லினோகட்டைப் பார்த்துவிட்டுத்தான் பலர் இதற்குள் வருகிறார்கள், அதன் பின்னணி முழுக்கக் கறுப்பு, அப்படி ஒரு கறுப்பைக் கரண்டியால் ஒரே சீராகக் கொண்டுவருவது கையால் எடுப்பதிலேயே கடினமான வேலை. ஆனால் கோடு கோடாகச் செதுக்குகிற என் மாதிரி ஆட்களுக்கு பிரஸ் பெரிதாக ஒன்றும் கூட்டவில்லை, அழுத்தம் ஒரு திருகு கூடினாலும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் அடைத்துக்கொண்டன, அறையில் பாதி இடத்தையும் அது எடுத்துக்கொண்டது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெரிய அளவில் செய்ய ஆசைப்படுகிறவர்கள், கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் கிராஃபிக்ஸ் ஸ்டுடியோ இருக்கிறது, அங்கே போய் விசாரித்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திறக்கலாம்.

இன்னும் முழுசாகத் தீராதது காயவைப்பது. கொடி கட்டித் துணி கிளிப்பில் மாட்டுகிறேன், மற்ற மாதங்களில் பிரச்சினை இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில்தான் எண்ணெய் மை காயவே மாட்டேன் என்கிறது, தொட்டால் ஒட்டாது, ஆனால் மேலே இன்னொரு தாளை வைத்து அழுத்தினால் மை அதில் ஏறிவிடும். அதனால் விற்கிற பிரிண்டுகளைச் சுருட்டி அனுப்புவதை விட்டுவிட்டேன், இரண்டு அட்டைக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்துத் தட்டையாகத்தான் அனுப்புகிறேன். வாங்குகிறவர்களிடமும் முன்பே சொல்லிவிடுகிறேன், பத்து நாள் ஆகும், மழைக்காலம் என்றால் மூன்று வாரம்.