விரல்ல மாட்டுற ஒக்சிமீற்றர்: தொய்வுக்காரர் இருக்கிற வீட்டுல கட்டாயம் வேணும்

மட்டக்களப்பு டவுன்ல ஒரு பார்மசில அம்மம்மாக்கு எண்டு வாங்கினது. சைனா சாமான்தான், சின்ன பற்றரி ரெண்டு போட்டா காணும், ரத்தத்துல ஒக்சிசன் நூத்துக்கு எவ்வளவு இருக்கு எண்டு காட்டும். மாரி தொடங்கி சளி நெஞ்சுக்குள்ள இறங்கினா அவவ ராவோட ராவா ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோறதா இல்ல விடியட்டும் எண்டு பாக்கிறதா எண்டு தெரியாமத்தான் முந்தி நிப்பம். போன மாரில ஒருநாள் 91 எண்டு குறைச்சுக் காட்டிச்சு, அவ என்னடா எண்டா "எனக்கொண்டும் இல்ல மனே" எண்டு படுத்துக் கிடக்கிறா, உடனே கொண்டுபோனம், நிமோனியா எண்டு சொல்லி ஒக்சிசன் வச்சாங்க. அதுக்குப் பிறகு இத நான் எல்லாருக்கும் சொல்றன்.

இதக் கண்டுபிடிச்ச டக்குவோ அவோயாகியப் பத்தி வாசிச்ச பிறகு இன்னும் மதிப்பு கூடிட்டு. ஜப்பான்ல நிஹோன் கோடன் கம்பனில இருந்தவர், இதயம் எவ்வளவு ரத்தம் அடிக்குது எண்டு அளக்க ரத்தத்துல சாயம் விட்டு காதால லைட் பாய்ச்சிப் பாத்திருக்கார், நாடித்துடிப்பு வந்து வந்து அளவக் குழப்பிக்கொண்டே இருந்திருக்கு, மறுகா அந்தத் துடிப்ப வச்சே ரத்தத்துல உள்ள ஒக்சிசன அளக்கலாம் எண்டு பிடிச்சிட்டார். அது 1974ல. 2020 ஏப்ரல்ல, கொரோனாவால உலகமே இந்த மெசினத் தேடித் திரிஞ்ச நேரம், 84 வயசுல மோசம்போனார். பப்புவா நியூகினில ட்ரெவர் டியூக் எண்ட பிள்ளை டொக்டரும் ஆக்களும் 5 ஆஸ்பத்திரிக்கு இதையும் ஒக்சிசன் மெசினையும் குடுத்துப் பாத்திருக்காங்க, நிமோனியா வந்த பிள்ளைகள்ல முந்தி நூத்துக்கு 5 பேர் அளவுல செத்த இடத்துல 3 பேர் அளவுக்குக் குறைஞ்சிருக்கு. 2008ல வந்த ஆய்வு அது.

குறையும் இருக்கு. கியூட்டெக்ஸ் பூசின விரல், குளிர்ந்த கை எண்டா பிழையாக் காட்டும், கைய உரசி சூடாக்கிட்டு இலக்கம் ஒரு இடத்துல நிக்கும் வரைக்கும் பொறுக்கணும். எனக்கு பெரிய யோசனை கறுத்த தோலப் பத்தித்தான். அமெரிக்காவுல 2020ல வந்த ஆய்வுல, மெசின் நல்ல இலக்கம் காட்டியும் உண்மையில ஒக்சிசன் குறைஞ்சு இருந்தது வெள்ளைக்காரர விட கறுப்பின ஆக்களுக்கு கிட்டத்தட்ட 3 மடங்கு. எங்கட நிறத்துக்கும் இது யோசிக்க வேண்டிய விசயம், அதால 94, 95 எண்டு காட்டினாலும் ஆள் கதைக்க ஏலாம இழுத்தா இலக்கத்தப் பாத்துக்கொண்டு இருக்காதீங்க, 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பெரிய ஆக்கள்ட மெசின் சரியா இருக்காது, விரல் உள்ளுக்க நிக்காது. அவங்களுக்கு ஒரு நிமிசம் முழுக்க மூச்ச எண்ணுங்க, ஒரு வயசுக்குள்ள (2 மாசத்துக்கு மேல) 50, அதுக்கு மேல அஞ்சு வயசு வரைக்கும் 40, அந்தக் கணக்குக்கு வந்தாலே டொக்டர்ட்ட காட்டணும்.

வாங்கக்க பெட்டியத் திறந்து உங்கட விரல்லயே போட்டுப் பாருங்க, துடிப்புக் கோடு ஒழுங்கா ஏறி இறங்கணும், திறக்க விடாத கடை எண்டா வேற கடைக்குப் போங்க.