வாடிய செடிக்குப் பச்சை வலையா, மூடாக்கா?

அக்னி நட்சத்திரம் முழுக்கச் சென்னையில் மகள் வீட்டில் இருந்துவிட்டு, வைகாசிக் கடைசியில் தேவகோட்டைக்குத் திரும்பினோம். பின்கட்டுக் கதவைத் திறந்தால் இட்லிப்பூச் செடி தொட்டால் நொறுங்கும் பதத்தில் நிற்கிறது. மல்லிகை வெறும் கொடி. கறிவேப்பிலை உச்சியில் நாலு இலை. வாரம் இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற ஆள் வைத்திருந்தோம், அவரும் ஊற்றித்தான் இருக்கிறார். செம்மண் சுட்ட ஓடு மாதிரி இறுகிக் கிடந்ததில் ஊற்றியதெல்லாம் மேலோடு வழிந்து போயிருக்கிறது.

நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை. சரி, உயிர் இருக்கிறது. அப்புறம்தான் வீட்டில் வாக்குவாதம்: மேலே நிழலுக்குப் பச்சை வலை கட்டுவதா, அடியில் ஈரம் காயாமல் மண்ணைத் தொலி, மட்டை கொண்டு மூடும் மூடாக்குப் போடுவதா? கிணற்றடிப் பக்கம் வலை, மதிலோரம் மூடாக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடிய செடிக்கு உரம் போடக் கூடாது. காய்ந்த இலையை உடனே கத்தரிக்கவும் வேண்டாம், கீழே இருக்கும் தண்டுக்கு அதுதான் நிழல். மதியம் தொங்கும் இலை சாயங்காலம் நிமிர்ந்தால் பயமில்லை. காலையிலும் தொங்கினால்தான் வேரில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம்.

வலை விஷயத்தில் குறை சொல்லக் கூடாது, பலன் கண்ணுக்கு உடனே தெரிந்தது. 50 சதவீத நிழல் தரும் வலைதான் வாங்கினோம். கட்டிய இரண்டாம் நாளே கறிவேப்பிலையின் மிச்ச இலைகள் மதியத்தில் தொங்காமல் நின்றன. வெயில் குறைந்தால் இலை வழியாகப் போகும் தண்ணீரும் குறையும், அவ்வளவுதான். எதிர்வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, பந்தல் போட்டிருக்கீக, வீட்டுல கல்யாணமா?” என்றார்.

மூடாக்கு அப்படி அவசரம் காட்டாது. அதற்கு முன்வேலையும் உண்டு. காய்ந்த மண் மேல் அப்படியே போட்டால் ஊற்றும் தண்ணீரை மூடாக்கே குடித்துவிடும். எனவே செடியிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கம்பியால் சுற்றிலும் குத்தி ஓட்டை போட்டேன். ஒரு குடம் ஊற்றி, அது இறங்கும்வரை அரை மணி காத்திருந்து, இன்னொரு குடம். மூன்று நாள் இப்படிச் செய்த பிறகு மண் கையால் கிளறும் அளவுக்கு இளகியது. அதன் மேல்தான் நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு.

முதலில் கடலைத் தொலி போட்டேன், அது என் தப்பு. பத்தே நாளில் கறையான் ஏறிவிட்டது. நம் செம்மண்ணில் காய்ந்த தொலியைக் குவித்துவைத்தால் கறையானுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான். எல்லாவற்றையும் அள்ளிவிட்டு, மண்ணில் வேப்பம்புண்ணாக்கைத் தூவி, தேங்காய் உரிமட்டையை முதுகு மேலே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கினேன். மல்லாந்து கிடந்தால் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு வரும். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டேன். மதியம் இரண்டு மணிக்கு மட்டையைத் தூக்கி மண்ணில் கைவைத்தால் குளிர்ச்சி. இரண்டடி தள்ளி வெறும் தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை.

என்னை மூடாக்குப் பக்கம் சாய்த்தது பராமரிப்புதான். எங்கள் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால்தான் ஆள் வரும். வலைக்கோ ஆள் வேண்டும். காற்றில் முடிச்சு அவிழும். அணில் கடிக்கும். ஆடிக் காற்றில் எங்கள் வலை ஒரு மூலை பிய்ந்து, இரண்டு நாள் இட்லிப்பூவின் இளந்தளிரை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் அப்போது ஊரில் இல்லை. சரி, கழற்றிவிடலாம் என்றால் அதிலும் சிக்கல். நிழலில் வந்த தளிரை ஒரே நாளில் முழு வெயிலில் விட்டால் கருகும். மப்பும் மந்தாரமுமான நாள் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும். கழற்றாமலே விட்டாலோ மல்லிகை இலையாக வளருமே தவிரப் பூக்காது, அதற்கு நல்ல வெயில் வேண்டும். மட்டைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. போட்டது போட்டபடி கிடக்கும், மட்கினால் மண்ணுக்கே போகும். தண்ணீர் ஊற்றும் ஆள் ஒரு நாள் வராவிட்டாலும் தாங்குகிறது.

இது ஒரே ஒரு கோடையின் அனுபவம், அதுவும் தரையில் நட்ட செடிகளில். மொட்டை மாடித் தொட்டிகளில் நான் மூடாக்கை நம்பி இருந்து பார்த்ததில்லை. அங்கே தொட்டியின் பக்கமே சூடாகிவிடுகிறது, மேல்மண்ணை மட்டும் மூடி என்ன ஆகப்போகிறது? அங்கே வலைதான் சரி என்று நினைக்கிறேன். புதிதாக நட்ட நாற்றுக்கும் அப்படியே.

மதிலோர மல்லிகை ஆவணியில் மொட்டு விட்டது. கிணற்றடிக் கொடி தழைத்தது, பூ இல்லை. இந்தச் சித்திரையில் கிளம்பும் முன்பே எல்லாச் செடிக்கும் மட்டை அடுக்கிவிட்டோம். வலையை எதிர்வீட்டு ஆச்சி வாங்கிப்போய்விட்டார், வற்றல் காயும்போது காக்கை வராமல் மூடுகிறாராம்.