"எலக்ட்ரிக் ரெடி"ன்னு சொல்லி என் தலையில கட்டின ரிகம்பென்ட் ட்ரைக் – வாங்கறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

மக்களே, பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. ரிகம்பென்ட் ட்ரைக், அதாவது சாஞ்சு உக்காந்து காலை முன்னாடி நீட்டி மிதிக்கிற மூணு சக்கர சைக்கிள், அத செகண்ட் ஹேண்ட்ல வாங்கி மோட்டார் கிட் மாட்டி எலக்ட்ரிக் ஆக்கிக்கலாம்னு யாராச்சும் நெனச்சுட்டு இருந்தீங்கன்னா தயவுசெஞ்சு முழுசா படிங்க. எனக்கு மொத்தம் 2,750 பவுண்டு ஆச்சு, அதுல பாதிகூட இன்னும் திரும்பி வரல. கேஸ் நடக்குது, அதனால கடை பேரை இங்க போடல. ஆனா போன வாரம் அதே கடை இன்னொரு ட்ரைக்குக்கு அதே "எலக்ட்ரிக் ரெடி"ங்கிற (மோட்டார் மாட்ட தயாரா இருக்குன்னு அர்த்தம்) வார்த்தைய போட்டு விளம்பரம் குடுத்திருக்கறத பாத்தேன், அதுக்கப்புறம் சும்மா இருக்க மனசு வரல.

நான் இருக்கறது இங்கிலாந்துல மில்டன் கீன்ஸ். இந்த ஊர்ல ரெட்வேன்னு செவப்பு தார் போட்ட சைக்கிள் பாதை ஊர் முழுக்க ஓடும், பெரிய ரோடு வந்தா பாதை அடியில சுரங்கமா போயிடும், அதனால கார்கூட மோதாம வேலைக்குப் போயிட்டு வரலாம். எனக்கு போறதுக்கு 11 கிலோமீட்டர், வர்றதுக்கு 11. இடது முட்டில ஆபரேஷன் ஆகி, அதோட இடுப்பு டிஸ்க் பிரச்சனையும் இருக்கறதால சாதா சைக்கிள்ல 10 நிமிஷத்துக்கு மேல உக்கார முடியல. ஃபிசியோதெரபிஸ்ட்தான் சாஞ்சு உக்கார்ற மாதிரி சைக்கிள் பாருங்கன்னு சொன்னாங்க. ஒருத்தர்கிட்ட கேட்டு ஓட்டிப் பாத்தேன், உக்காந்த உடனே இடுப்புல ஒரு பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

புதுசு ரொம்ப வெல. கார்ன்வால்ல இருக்கற ஐசிஇ, ஜெர்மனியோட ஹெச்பி வெலோடெக்னிக் மாதிரி ட்ரைக் கம்பெனிங்க எல்லாம் ஷிமானோ மோட்டாரை ஃபேக்டரிலயே போட்டு தர்றாங்க, அருமையான வண்டிங்க, ஆனா அந்த காசு என்கிட்ட இல்ல. அதான் பழைய ட்ரைக் ஒண்ணு வாங்கி கிட் போட்டுக்கலாம்னு தேடினேன். கார்ல ஒன்றரை மணி நேரம் போனா ஒரு வொர்க்‌ஷாப். டேட்போல் ட்ரைக், அதாவது முன்னாடி ரெண்டு சக்கரம் பின்னாடி ஒண்ணு, மூணுமே 20 இன்ச். ட்ரைக்குக்கு 1,650, பின் சக்கரத்துல ஹப் மோட்டார் (சக்கரத்தோட நடுவுலயே உக்கார்ற மோட்டார்), 36 வோல்ட் 17.5 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், அதாவது எவ்ளோ சார்ஜ் புடிக்கும்ங்கற அளவு) பேட்டரி, மாட்டுற கூலி எல்லாம் சேத்து 1,100. "இது எலக்ட்ரிக் ரெடி ஃப்ரேம், 25 கிலோமீட்டர் ஸ்பீடு வரும், 55 கிலோமீட்டர் சார்ஜ் நிக்கும், பின்னாடி வேணும்னா முன் சக்கரத்துலயும் மோட்டார் போட்டுக்கலாம்"னு அந்த ஆள் அடிச்சு சொன்னாரு.

அந்த கடைசி வாக்கியத்துலயே நான் எழுந்து வெளிய வந்திருக்கணும். டேட்போல் ட்ரைக்கோட முன் சக்கரம் சாதா சைக்கிள் மாதிரி ரெண்டு பக்கமும் ஃபோர்க்ல நிக்கறது இல்ல, ஒரே பக்கம் குட்டை ஆக்ஸில்ல கார் சக்கரம் மாதிரி நிக்குது. கடையில விக்கிற முன் சக்கர ஹப் மோட்டார் கிட் அதுல உக்காரவே உக்காராது. இது ட்ரைக் விக்கிற எந்த ஆளுக்கும் தெரிஞ்ச விஷயம். உங்ககிட்ட யாராச்சும் இப்படி சொன்னா ஒண்ணு அவங்களுக்கு தெரியல, இல்ல தெரிஞ்சே பொய் சொல்றாங்க.

மார்ச்ல எடுத்துட்டு வந்தேன். முட்டி இன்னும் முழுசா ஆறலங்கறதால ஏப்ரல் கடைசிலதான் ஒழுங்கா ஓட்ட ஆரம்பிச்சேன். மொத நாளே மோட்டார் 18 கிலோமீட்டருக்கு மேல தள்ளல. போன் பண்ணா டயர்ல காத்து கம்மியா இருக்கும்னாரு. அடிச்சேன், அதே 18. அப்புறம் ஒக்காந்து கணக்கு போட்டுப் பாத்தேன். 26 இன்ச் சக்கரம் ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 2.07 மீட்டர் போகும், அது 25 கிலோமீட்டர் ஸ்பீடு வர நிமிஷத்துக்கு சுமார் 200 சுத்து சுத்தினா போதும். என் 20 இன்ச் சக்கரம் ஒரு சுத்துக்கு ஒன்றரை மீட்டர்தான். அதே 200 சுத்துக்கு சரியா 18 கிலோமீட்டர் வரும். 25 வரணும்னா 280 சுத்து கிட்ட வேணும். பெரிய சக்கரத்துக்குன்னு செஞ்ச மோட்டாரை அப்படியே சின்ன சக்கரத்துல கோத்து குடுத்திருக்காரு, கையில கெடந்தத மாட்டி விட்டிருக்காரு அவ்ளோதான். கிட் வாங்கறப்ப மோட்டார் எத்தன ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தன சுத்து), எந்த சைஸ் சக்கரத்துக்குன்னு எழுதி வாங்கிக்கோங்க.

ஸ்பீடு கூட பரவால்லன்னு விட்டிருப்பேன். பேட்டரி விஷயம்தான் மனசு விட்டுப் போச்சு. வேலைக்குப் போயிட்டு திரும்பி வர்றப்ப வீட்டுக்கு 2, 3 கிலோமீட்டர் இருக்கும்போதே செத்துடும், மோட்டார் பேட்டரியோட சேத்து 27 கிலோ வண்டிய அந்த முட்டிய வச்சுக்கிட்டு சுரங்கத்துலேர்ந்து மேல ஏத்தணும். திரும்ப போன் பண்ணா, புது பேட்டரி பத்து தடவ சார்ஜ் ஆகி எறங்கினாதான் செட் ஆகும்னாரு. லித்தியம் பேட்டரிக்கு அப்படி ஒரு கதையே கிடையாது. எங்க தெருவுல தஞ்சாவூர் தம்பி ஒருத்தர் இருக்காரு, எலக்ட்ரானிக்ஸ் வேலை. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தவரு பேட்டரிய சும்மா கையில தூக்கினாரு, தூக்கினவரு கீழ வைக்கல, ஒரு மாதிரி பாத்துட்டு "அண்ணே, இது என்ன இவ்ளோ லேசா இருக்கு? தராசு இருக்கா?"ன்னாரு. கிச்சன் தராசுல வச்சோம். 1.9 கிலோ. அவர் சொன்ன கணக்கு இதான்: 36 வோல்ட்டுக்கு 10 செல் வரிசையா வேணும், 3.5 ஏஹெச் செல்லுன்னா 17.5 வர அந்த மாதிரி 5 வரிசை, ஆக 50 செல். ஒரு 18650 செல் (இந்த பேட்டரிக்குள்ள இருக்கற விரல் மாதிரி உருண்ட லித்தியம் செல்) நல்லதுன்னா 48 கிராம் பக்கம் இருக்கும், அப்ப செல்லு மட்டுமே 2.4 கிலோ வரணும், டப்பா ஒயர் எல்லாம் சேந்தா 3 கிலோ தாண்டணும். "அண்ணே, எத்தன மணி நேரத்துல சார்ஜ் ஆகுது?"ன்னு கேட்டாரு. 3 மணி நேரம், கொஞ்சம் மேலன்னேன். சார்ஜர்ல 2 ஆம்பியர்னு போட்டிருக்கு. சுத்தமா தீந்த 17.5 ஏஹெச் பேட்டரி 2 ஆம்பியர்ல நெறய கிட்டத்தட்ட 9 மணி நேரம் ஆகணுமே. மூணு மணி நேரத்துல நெறயுதுன்னா உள்ள 6, 6.5 ஏஹெச்தான் இருக்கு.

அவர் பாதுகாப்பா அத தொறந்து காட்டினாரு (தெரியாதவங்க யாரும் வீட்ல பேட்டரிய தொறந்துடாதீங்க, ஷார்ட் ஆச்சுன்னா தீப்பிடிக்கும், லண்டன் ஃபயர் பிரிகேட் இ-பைக் பேட்டரி தீ பத்தி வருஷக்கணக்கா எச்சரிச்சுட்டு இருக்காங்க). டப்பாவுல பாதி வெள்ளை ஃபோம். ஃபோமை எடுத்தா நீல கலர் சுத்தின 30 செல்லு, மேல பிராண்ட் பேரே இல்ல. வெளிய டப்பா மேல மட்டும் பெரிய கம்பெனி செல்லுன்னு பளபளன்னு ஸ்டிக்கர். இத ராத்திரி பூரா என் பொண்ணு தூங்குற ரூமுக்கு கீழ ஹால்ல சார்ஜ் போட்டு வச்சிருந்தேன். அத நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது.

ஜூன்ல அடுத்தது. சுரங்கத்துலேர்ந்து மேல ஏறும்போது பின்னாடி டக்குனு ஒரு சத்தம், மோட்டார் நின்னுடுச்சு. எறங்கி பாத்தா ஆக்ஸில் எடத்துலயே திரும்பி, மோட்டார் ஒயரு முறுக்கிக்கிட்டு தோல் உரிஞ்சு கெடக்கு. ஹப் மோட்டார் சக்கரத்த முன்னாடி தள்ளும்போது ஆக்ஸில் அதே பலத்தோட பின்பக்கம் திரும்பப் பாக்கும், அத புடிச்சு நிறுத்தத்தான் டார்க் ஆர்ம்னு ஒரு ஸ்டீல் பட்டை போடறது. எனக்கு போடவே இல்ல. ஃப்ரேம் அலுமினியம், ஆக்ஸில் ஸ்டீல், ஸ்டீல் அலுமினியத்த தின்னுடுச்சு. ட்ராப்அவுட்டோட (ஃப்ரேம்ல ஆக்ஸில் உக்கார்ற எடம்) பள்ளம் சின்னதா இருக்கறதால வாஷர் தட்டையா உக்காரல, அத உக்கார வைக்க யாரோ அரம் போட்டு ராவின கோடு கூட தெளிவா தெரிஞ்சுது. நட்டு எப்படி நிக்கும்?

அத எடுத்துட்டு எங்க ஊர் மெக்கானிக் ஒருத்தர்கிட்ட போனேன். அவர் பின்பக்கம் பாக்கறதுக்கு முன்னாடி முன் டயரைத்தான் பாத்தாரு. 500 கிலோமீட்டர் கூட ஓடல, ரெண்டு முன் டயரும் வழவழன்னு ஆயிடுச்சு, விரலால தடவினா ஒரு பக்கம் ரம்பம் மாதிரி இருக்கு. டேப் எடுத்து ரெண்டு முன் சக்கரத்துக்கும் நடுவுல ஆக்ஸில் ஒயரத்துல முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு எடுத்தாரு. ரெண்டும் ஒண்ணா இருக்கணும், இல்ல முன்பக்கம் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் கம்மியா இருக்கலாம். எனக்கு 9 மில்லிமீட்டர் வித்தியாசம். டை ராட (முன் சக்கரத்த திருப்புற கம்பி) திருகி சரி பண்ணப் போனவரு அப்படியே நின்னு, குறுக்கு குழாய் நடு குழாயோட சேர்ற எடத்துல ஒட்டியிருந்த கருப்பு ரிஃப்ளெக்டர் டேப்ப நகத்தால மெதுவா உரிச்சாரு. டேப்புக்கு அடியில வெல்டிங்க ஒட்டி முடி மாதிரி ஒரு கோடு, கட்டைவிரல் நீளம். மேல பெயின்ட் தொட்டு விட்டிருக்கு, அந்த கோட்டுல மட்டும் பெயின்ட் திரும்ப பொளந்திருக்கு. எங்கயோ மோதி வளைஞ்ச ஃப்ரேம். பெயின்ட் அடிச்சு, டேப் ஒட்டி, அதுக்கு மேல மோட்டார் மாட்டி என்கிட்ட குடுத்திருக்காங்க. "இதுல இனிமே உக்காராதீங்க"ன்னு மெக்கானிக் சொன்னப்ப எனக்கு பேச்சே வரல.

இப்ப நான் திரும்ப ஒரு ட்ரைக் தேடினா மோட்டார பத்தி கடைசிலதான் கேப்பேன். மொதல்ல டார்ச் எடுத்துட்டு ஒவ்வொரு வெல்டிங்கா பாப்பேன், டேப் ஸ்டிக்கர் எது இருந்தாலும் உரிக்க விடுங்கன்னு கேப்பேன், விடலன்னா அங்கயே கெளம்பிடுவேன். முன் சக்கரத்த தூக்கி ஆட்டிப் பாப்பேன். பிரேக் முக்கியம், டேட்போல்ல ஓட்டத்துல நிறுத்தறது முன் சக்கரம் ரெண்டும்தான், ஒவ்வொரு லீவருக்கும் ஒரு சக்கரம், எனக்கு இருந்தது சின்ன 70 மில்லிமீட்டர் டிரம், மோட்டார் பேட்டரி வெயிட்டோட எறக்கத்துல அது பத்தாது, டிஸ்க் இல்லன்னா 90 மில்லிமீட்டர் டிரம்மாவது பாருங்க. காலை நீட்டி உக்காந்து முன்னாடி பெடல் இருக்கற குழாய், அதாவது பூம், உங்க கால் நீளத்துக்கு வருதான்னும் பாத்துடுங்க.

அப்புறம் என் அபிப்பிராயம், ட்ரைக்குக்கு ஹப்ப விட மிட் டிரைவ்தான் (பெடல் எடத்துல மாட்டுற மோட்டார்) நல்லது. சாதா சைக்கிள்ல ரொம்ப மெதுவா ஏறினா விழுந்துடுவோம், ட்ரைக்ல அந்த பயமே இல்ல, 5 கிலோமீட்டர் ஸ்பீடுல கூட சின்ன கியர்ல ஜாலியா மேடு ஏறலாம். அந்த ஸ்பீடுல ஹப் மோட்டார் திணறி சூடாகும், மிட் டிரைவ் கியர் வழியா போறதால நல்லா சுத்தும். ஆனா பெடல் மாட்டுற பாட்டம் பிராக்கெட் 68 இல்ல 73 மில்லிமீட்டரான்னு அளந்துக்கோங்க, பஃபாங் கம்பெனியோட மிட் டிரைவ் கிட் பெரும்பாலும் அந்த அளவுக்குத்தான் வருது, மோட்டார் உடம்பு பூம்லயோ டீரெய்லர் (செயின கியர் மாத்துற பாகம்) தூண்லயோ இடிக்காம உக்காருமான்னும் பாக்கணும். ட்ரைக் செயின் ரொம்ப நீளம், நடுவுல ஐட்லர்னு ஒரு உருளை மேல ஓடும், மிட் டிரைவ் இழுவை பூரா அது மேலதான், அது தேஞ்சிருந்தா மாத்திடுங்க.

சட்டமும் இருக்கு. பிரிட்டன்ல மோட்டார் 250 வாட், உதவி 25 கிலோமீட்டரோட கட் ஆகணும். மிதிக்காம த்ராட்டில் மட்டும் திருகி 6 கிலோமீட்டருக்கு மேல போச்சுன்னா அதுக்கு தனி அப்ரூவல் வேணும். என் வண்டில த்ராட்டில் முழு ஸ்பீடுக்கும் வேல செஞ்சுது, கடைக்காரர் அத ஒரு வசதியா சொல்லி வித்தாரு. சட்டத்துக்கு மாறான வண்டின்னா அது மோட்டார் வண்டி கணக்குதான், இன்சூரன்ஸ் இல்லன்னு போலீஸ் புடுங்கிட்டு போக முடியும்.

பணம் விஷயம். கார்டு வேணாம், பேங்க் டிரான்ஸ்ஃபர்னா 100 பவுண்டு கம்மின்னு சொன்னாரு, நானும் போட்டுட்டேன். இத மட்டும் யாரும் பண்ணிடாதீங்க. கிரெடிட் கார்டுன்னா 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் உள்ள பொருளுக்கு 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டம் செக்‌ஷன் 75ல கார்டு கம்பெனியும் பொறுப்பு. 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் சட்டத்துல 30 நாளுக்குள்ள பொருள திருப்பி குடுத்து முழு பணம் கேக்கலாம், எனக்கு அந்த 30 நாளும் முட்டி ஆற வீட்ல இருந்ததுலயே போச்சு. நல்லவேளை 6 மாசத்துக்குள்ள வெளிவந்த குறைன்னா அது வாங்கும்போதே இருந்ததாதான் எடுத்துக்குவாங்க, இல்லன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். மெக்கானிக் எழுதி குடுத்த ரிப்போர்ட், தராசுல பேட்டரி இருக்கற ஃபோட்டோ, டேப் உரிச்ச ஃபோட்டோ எல்லாம் வச்சு ஆகஸ்ட்ல கோர்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி குடுக்கற நோட்டீஸ் அனுப்பினேன். செப்டம்பர்ல கிட் காசு 1,100 வந்துச்சு. ட்ரைக் காசு 1,650க்கு "பழைய வண்டி, பாத்துதானே வாங்கினீங்க"ன்னு பதில். ஸ்மால் கிளெய்ம்ஸ்ல (சின்ன தொகை வழக்குக்கான கோர்ட்) போட்டிருக்கேன், தேதிக்கு காத்துட்டு இருக்கேன்.

ட்ரைக் கராஜ்ல கெடக்கு, யாருக்கும் விக்கமாட்டேன், உதிரி பாகமா கூட அந்த ஃப்ரேம் வெளிய போகாது. மில்டன் கீன்ஸ் பக்கத்துல இருந்து யாராச்சும் செகண்ட் ஹேண்ட் ட்ரைக் பாக்கப் போறீங்கன்னா சொல்லுங்க, சனி ஞாயிறு நான் ஃப்ரீ, அளவு டேப்பும் தராசும் டார்ச்சும் எடுத்துட்டு கூட வர்றேன்.