அப்பா ஓட்டாத காருக்கு ஏழு சலான்கள்

2025 பொங்கலுக்காக லண்டனிலிருந்து திருநெல்வேலிக்குப் போயிருந்தபோது, அப்பாவின் பழைய காரை விற்றுக் கொடுத்துவிட்டு வருவது என்ற ஒரே ஒரு வேலையைத்தான் நான் பொறுப்பேற்றிருந்தேன். 2014 இல் பதிவான வெள்ளை நிறக் கார் அது, வாங்குபவர் தெரிந்தவர், விலையும் பேசி முடிந்திருந்தது. படிவம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பமிட்டுப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தபோதுதான், வண்டியின் பேரில் ஏழு இ-சலான்கள், அதாவது இணையவழி அபராதச் சீட்டுகள், நிலுவையில் இருப்பதாக அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகன் காட்டியது. ஏழும் அதிவேகத்துக்காகப் போடப்பட்டவை. ஒவ்வொன்றும் 1,000 ரூபாய். ஏழும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வட மாவட்ட நகரம் ஒன்றின் புறவழிச்சாலைக் கேமராவில் பதிவானவை. எழுபத்து நான்கு வயதான அப்பா, மதுரையைத் தாண்டி அந்தக் காரை ஓட்டியதே இல்லை.

எட்டு மாதங்களாக இது ஏன் தெரியாமல் போனது என்று பார்த்தால், வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யுடன் இணைத்திருந்த கைபேசி எண்ணை அப்பா எப்போதோ கைவிட்டிருந்தார். குறுஞ்செய்திகள் எல்லாம் அந்தப் பழைய எண்ணுக்கே போயிருக்கின்றன, ஓ.டி.பி. வேண்டிய இடங்களிலும் அதே எண்தான் குறுக்கே நின்றது. அதை மாற்றுவதற்கே நான்கு நாட்கள் போயின. பிரிட்டனில் கேமராவில் சிக்கினால், வண்டியின் பதிவு உரிமையாளருக்கு 14 நாட்களுக்குள் தபாலில் அறிவிப்பு வந்து சேர வேண்டும். வீட்டு வாசலில் விழும் உறையைக் கவனிக்காமல் இருக்க முடியாது. (எனக்கும் ஒரு முறை வந்தது, குற்றம் என்னுடையதே என்பதால் 100 பவுண்டைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.) இந்தியாவிலும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 167ஏ, குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பை அனுப்ப வேண்டும் என்றுதான் அப்போது சொன்னது. அனுப்பியதும் உண்மைதான்; பெற்றுக்கொள்ளத்தான் ஆளில்லை. பெற்றோரின் வண்டி ஊரில் நிற்கிறது என்றால், அதன் பதிவில் உயிரோடு உள்ள ஓர் எண் இருக்கிறதா என்பதை வெளிநாட்டில் இருப்பவர்கள் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

2021 இல் சேர்க்கப்பட்ட அந்த விதியே பிறகு எங்களுக்குக் கைகொடுத்தது. கேமராவால் போடப்படும் சலானில் குற்றத்தையும் எண் பலகையையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்று ஆகியவை இருக்க வேண்டும். எனவே ஏழு சலான்களையும் இறக்கி, படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே நிறுவனத்தின் அதே மாதிரிக் கார், அதே வெள்ளை நிறம், அதே எண். ஆனால் படத்தில் இருந்த காரின் கூரையில் சாமான் ஏற்றும் கேரியர் இருந்தது. எங்கள் காரில் அது கிடையாது. எங்கள் முன்கண்ணாடியில் பத்து வருடங்களாக ஒட்டியிருக்கும் வேல் அந்தக் காரில் இல்லை. யாரோ எங்கள் எண்ணை எழுதி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு ஹாலோகிராமும் லேசரில் பொறித்த எண்ணும் கொண்ட உயர் பாதுகாப்புப் பலகை கட்டாயம். அதற்கு முந்தைய எங்கள் வண்டியில் இருந்ததோ ஸ்டிக்கர் கடையில் வெட்டி ஒட்டிய எழுத்து. அதைப் போல இன்னொன்றைச் செய்ய அரை மணி நேரம் போதும்.

உள்ளூர்க் காவல் நிலையத்தில், சலான் போட்ட ஊரிலேயே போய்ப் பார்க்கும்படி இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை, படங்களை வண்ணத்தில் அச்சிட்டு, மனுவோடு சேர்த்து மேசையில் பரப்பிய பிறகே, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. அந்த ரசீது இல்லாமல் வேறெந்த அலுவலகத்திலும் எங்கள் பேச்சு எடுபட்டிருக்காது என்பது பின்னால் புரிந்தது. தளத்தின் குறைதீர்ப்புப் பக்கத்திலும் எல்லாவற்றையும் பதிவேற்றிவிட்டு, இரவு ரயிலில் அந்த நகரத்துக்குப் போனேன். போக்குவரத்துப் பிரிவில் இருந்த உதவி ஆய்வாளர் இரண்டு கார்களின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்துப் பத்தே நிமிடங்களில் ஒத்துக்கொண்டார். காவல் துறையின் கையில் இருந்த ஐந்து சலான்கள் ஒன்பது நாட்களில் நீக்கப்பட்டன. மீதி இரண்டும் இணையவழியில் இயங்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டதால் தம்மால் தொட முடியாது என்றார். அதிலும் அவர் சொன்னது சரியே.

மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் நம் முன்னால் இரண்டே வழிகள் உள்ளன: குறித்த அபராதத்தைக் கட்டுவது, அல்லது வழக்கை எதிர்ப்பது. கட்டுவது இரண்டு நிமிட வேலை. எதிர்ப்பதாகத் தெரிவித்தால் வழக்கு அந்த எல்லைக்கு உட்பட்ட நேரடி நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். அதாவது மீண்டும் அந்த ஐந்நூறு கிலோமீட்டர். வக்கீல் கட்டணமே 5,000 ரூபாய் என்று தெரிந்ததும், 2,000 ரூபாயைக் கட்டி முடித்துவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "கெட்டிட்டா நாமதான் ஓட்டுனோம்னு ஆயிரும்லா" என்றார். நாளை அந்தப் போலிக் கார் யாரையாவது இடித்துவிட்டு ஓடினால், பணம் கட்டிய ரசீது எதற்கெல்லாம் சான்றாகும் என்பதை நான் அதுவரை யோசித்திருக்கவில்லை. எதிர்ப்பதாகவே பதிவு செய்தோம்.

எங்களுக்கு வலுவாக அமைந்தது, சுங்கச்சாவடிக் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் ஃபாஸ்டேக் கணக்கு. நீதிமன்றத்தில் இருந்த சலான்களில் ஒன்று ஒரு செப்டம்பர் நாளில் காலை 11.20 மணிக்குப் போடப்பட்டது. அதே நாளில் அப்பா கண் பரிசோதனைக்காக மதுரைக்குப் போயிருந்தார். சாத்தூர் அருகே உள்ள எட்டூர்வட்டம் சுங்கச்சாவடியை 10.52 மணிக்குக் கடந்ததற்கான கட்டணம் வங்கிக் கணக்கில் நேரத்தோடு பதிவாகியிருந்தது. இருபத்தெட்டு நிமிடங்களில் அந்த வட மாவட்ட நகரத்தை எட்ட விமானத்தாலும் ஆகாது. மற்ற சலானுக்கு அப்படி ஒரு பதிவு கிடைக்கவில்லை. கூரைக் கேரியரையும் கண்ணாடியில் ஒட்டிய வேல் படத்தையும் நம்பித்தான் வாதம் வைக்க வேண்டியிருந்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 208 ஆம் பிரிவின் கீழ் வரும் சுருக்க விசாரணையில் வழக்கறிஞர் மூலமாகவே ஆஜராகலாம் என்பதால், அப்பா வக்காலத்தில் கையொப்பமிட்டதோடு சரி, பயணம் செய்ய வேண்டியிருக்கவில்லை. என் விடுமுறை முடிந்து நான் திரும்பிய பிறகு இரண்டு வாய்தாக்கள் போயின. மார்ச் இறுதியில் இரண்டு வழக்குகளும் தள்ளுபடியாயின. ஏப்ரலில் கார் கை மாறியது. வாங்கியவரிடம் சாவியோடு நீதிமன்ற உத்தரவின் நகலையும் சி.எஸ்.ஆர். ரசீதையும் கொடுத்து, டேஷ்போர்டிலேயே வைத்துக்கொள்ளும்படி அப்பா சொல்லியிருக்கிறார். போலிக் கார் இன்னும் பிடிபடவில்லை.