மாறுகண்ணுக்கு இரண்டாவது அறுவையா? பழைய சீட்டைக் கேட்காத இடத்தில் கண்ணைக் கொடுக்காதீர்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் போகும் வழியெங்கும் கண் சிகிச்சைப் பலகைகள். அவற்றில் ஒன்று, "லேசர் முறையில் மாறுகண் ஒரே நாளில் நேராகும்" என்கிறது. அதை நம்பிப் போகவிருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். மாறுகண் அறுவையில் லேசருக்கு வேலையே இல்லை. விழியை அசைக்கும் தசையைப் பிரித்தெடுத்து, சில மில்லிமீட்டர் முன்னாலோ பின்னாலோ நகர்த்தித் தைப்பதுதான் அந்த அறுவை. கத்தியும் நூலும் கைப்பழக்கமும் சார்ந்தது. இது தெரியாமல் ஒருவர் பலகை எழுதியிருக்க மாட்டார், தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். மருத்துவமனையின் பெயரை நான் எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது.

பாதிக்கப்பட்டவள் என் தங்கை. ஐந்து வயதில் அவளுக்கு இரண்டு கண்ணும் மூக்குப் பக்கம் திரும்பியிருந்தன. அரசு மருத்துவமனையில் அறுவை செய்து நேராக்கினார்கள். இருபது வயதைத் தாண்டிய பிறகு இடது கண் மெல்ல வெளிப்பக்கம் ஒதுங்கியது. உள்நோக்கிய கண்ணைச் சிறுவயதில் சரிசெய்துகொண்ட சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இப்படி எதிர்ப்பக்கம் விலகுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். முதலில் அறுவை செய்தவர்களைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். "என்னிடம்தான் பேசுகிறாயா?" என்று கேட்கும் வாடிக்கையாளர்களும், பெண் பார்க்க வந்துவிட்டு "ஜாதகம் பொருந்தவில்லை" என்று சொல்லியனுப்பிய குடும்பமும் சேர்ந்து அவளை அந்தப் பலகைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

உள்ளே மருத்துவர் ஒரு டார்ச்சை அடித்துப் பார்த்தார். அவ்வளவுதான் பரிசோதனை. அம்மா மஞ்சள் பையில் பத்திரமாகக் கொண்டுவந்த, சிறுவயது அறுவையின் பழைய சீட்டை நீட்டினார். "அதெல்லாம் அந்தக் காலத்துக் கதை அம்மா, இப்போது டெக்னாலஜி வேறு" என்று மருத்துவர் சிரித்தார்; பையைத் தொடவில்லை. அடுத்த அறையில் இருந்த கவுன்சிலர்ப் பெண் பேக்கேஜ் விலை 48,000 ரூபாய் என்றும், ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் சொன்னார். கண் அறுவைக்கு ஆடித் தள்ளுபடி!

அந்தச் சீட்டில் இருந்தது இதுதான்: இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கத் தசையைப் பின்னுக்கு நகர்த்தியது, எத்தனை மில்லிமீட்டர், எந்தத் தேதி. இரண்டாவது முறை கத்தி வைப்பவருக்கு இதுவே வரைபடம். ஒருமுறை பிரித்துத் தைத்த தசை பழைய இடத்தில் இருக்காது. சுற்றிலும் வடு இறுகியிருக்கும். இதைவிட முக்கியமான இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அவற்றில் நேராக ஓடும் நான்கு தசைகளின் வழியாகத்தான் விழியின் முன்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் ஏழு சிறு நாளங்கள் செல்கின்றன. முன்பு எந்தத் தசையைப் பிரித்தார்கள் என்று தெரியாமல் மேலும் மேலும் பிரித்தால் முன்பகுதிக்கு ரத்தம் குறையும் ஆபத்து உண்டு. பை அருகிலேயே இருந்தது, கை நீட்டினால் எடுத்திருக்கலாம் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அளவெடுப்பதும் டார்ச் வெளிச்சத்தில் முடிகிற காரியமில்லை. ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மறைத்து, பிரிசம் பட்டையை (ஒளியை வளைக்கும் வில்லைகள் அடுக்கியது) முன்னால் வைத்து, தூரப் பார்வை, கிட்டப் பார்வை, மேல், கீழ், வலம், இடம் என்று ஒவ்வொரு திசையிலும் விலகலை எண்ணாகக் குறிப்பார்கள். வேறொரு நாளும் எடுத்து, எண் மாறாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு மற்றொரு சோதனையும் உண்டு: கண் நேரானால் ஏற்படப்போகும் நிலையைப் பிரிசம் வைத்து முன்கூட்டியே உண்டாக்கி, இரட்டைப் பார்வை வருமா என்று கேட்பது. சிறுவயது மாறுகண் உள்ளவர்களின் மூளை ஒரு கண்ணின் பிம்பத்தை ஒதுக்கிப் பழகியிருக்கும். கண் இருக்கும் கோணம் மாறியதும் அந்தப் பழக்கம் உடைந்துபோகலாம். இவற்றில் ஒன்றுகூட அங்கே நடக்கவில்லை. அறுவை செய்தவரும் நாங்கள் பார்த்த மருத்துவர் இல்லை, வெளியிலிருந்து வந்து போகும் ஒருவர். அவர் முகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

கட்டைப் பிரித்ததும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கண் நேராகவும் இல்லை. முன்பைவிட அதிகமாக வெளிப்பக்கம் போயிருந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடுவது தெரிந்ததுதானே. வருகிற இரண்டு லாரிகளில் எது நிஜம் என்று தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வீக்கம் சார், மூன்று மாதம் பொறுங்கள், பென்சிலை மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து பயிற்சி செய்யச் சொல்லுங்கள்" என்றார்கள்.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. அறுவைக்குப் பின் சில வாரங்கள் இரட்டைப் பார்வை இருப்பது சகஜம். பலருக்குத் தானாகவே போய்விடும். ஆனால் தங்கையின் இடது கண் மூக்குப் பக்கம் நகரவே இல்லை. அந்தப் பக்கம் பார்க்க முயன்றால் இமைகளின் இடைவெளி வலது கண்ணைவிட அகலமாகத் திறந்தது. இது வீக்கத்தின் அடையாளமில்லை. தைத்த தசை நழுவியிருக்கலாம் என்பதன் அடையாளம். நழுவிய தசையை உடனே தேடிப் பிடித்தால் எளிது. நாளாக ஆக அது பின்னால் சுருங்கிப்போய் வடுவில் புதைந்துவிடும். பொறுங்கள் என்று சொல்லித் தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும் அடுத்த மருத்துவரின் வேலையைக் கடினமாக்கியது. பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தால் நழுவிய தசை திரும்பி வந்துவிடுமா?

மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போனோம். 1819-இல் தொடங்கிய மருத்துவமனை அது. கூட்டம் உண்டு, காத்திருப்பு உண்டு, உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆனால் புறநோயாளிப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "முன்பு செய்த அறுவையின் குறிப்பு இருக்கிறதா?" என்பதுதான். அம்மா பையைத் திறந்தார். சிறுவயதுச் சீட்டைப் படித்தவர், அடுத்ததாகப் புதிய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடது கண் மாறுகண் திருத்தம் செய்யப்பட்டது, நிலை திருப்தி" என்று ஒரே வரி. எந்தத் தசை, எத்தனை மில்லிமீட்டர், என்ன நூல், எதுவும் இல்லை.

குறிப்பைக் கேட்டு அந்தத் தனியார் மருத்துவமனைக்குத் திரும்பப் போனால், "ஃபைல் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது" என்றார்கள், பிறகு "டாக்டர் ஊரில் இல்லை" என்றார்கள். மருத்துவ ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. அந்த விதியைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போட்ட பிறகுதான் ஒரு நகல் வந்தது. அதிலும் பாதி இடம் காலி.

எழும்பூரில் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு மறுபடி அறுவை செய்தார்கள். பாவாடை நாடா உள்ளே இழுத்துக்கொள்வதைப் போல, தசையின் உறை மட்டும் விழியில் ஒட்டியிருக்க, நார் பின்னால் போயிருந்ததாம். தேடி எடுத்து முன்னால் கொண்டுவந்து தைத்தார்கள். முடிச்சை இறுக்காமல் விட்டு, மயக்கம் தெளிந்த பின் அவளை உட்காரவைத்துப் பார்த்து, தேவையான அளவுக்கு இழுத்துக் கட்டும் முறையில் செய்தார்கள். இப்போது நேராகப் பார்த்தால் ஒன்றுதான் தெரிகிறது. வலது ஓரத்தில் பார்த்தால் இன்னும் இரண்டாகிறது. அது முழுவதும் போகும் என்று யாரும் உறுதி தரவில்லை. உறுதி தராததாலேயே அவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

காசு கொடுத்துப் பெற்ற மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டுகள். நாங்கள் கொடுத்துவிட்டோம்.

வட சென்னையில் எந்தத் தனியார் இடத்திலாவது அண்மையில் மாறுகண் அறுவை செய்துகொண்டவர்கள் இன்றே உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். தசையின் பெயரும் மில்லிமீட்டரும் இல்லையென்றால், மூன்று ஆண்டுக் கெடு முடிவதற்குள் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் தலைமை அலுவலகம்தான் பதில் சொல்லும்.