ஸ்கேட்போர்டு பாதுகாப்பு செட்: "ஃப்ரீ சைஸ்" என்று சொன்னால் வாங்காதீர்கள் (கிருஷ்ணகிரி பெற்றோர் கவனத்துக்கு)

பிள்ளைக்கு ஸ்கேட்போர்டு வாங்கிக் கொடுத்திருக்கிறவர்கள், வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஹெல்மெட், முட்டி, முழங்கை, மணிக்கட்டுக் கவசம் எல்லாம் ஒரே வலைப்பையில் போட்டு "செட்" என்று விற்கிறார்கள். கிருஷ்ணகிரி டவுனில் ஒரு கடையில் நாங்கள் வாங்கியது அப்படி ஒரு செட்தான்.

என் மகளுக்கு என்ன சைஸ் என்று கேட்டேன். "ஃப்ரீ சைஸ்தான்க்கா, வெல்க்ரோவ இழுத்து ஒட்டினா யாருக்கும் நிக்கும். வளர்ற பொண்ணு, கொஞ்சம் லூசா இருந்தாதான் ரெண்டு வருசம் வரும்" என்றார் கடைக்காரர். போட்டுப் பார்க்க வேண்டும் என்றதற்கு, பையைப் பிரித்தால் வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார். ஹெல்மெட்டில் இருந்த ஐஎஸ்ஐ ஸ்டிக்கரைக் காட்டி, தரமான சாமான் என்று உறுதியும் சொன்னார்.

அவள் விழுந்தது எங்கள் தெரு சிமெண்ட் ரோட்டில். வேகம்கூட இல்லை. சின்னக் கல்லில் சக்கரம் மாட்டி போர்டு நின்றுவிட, இவள் முன்னால் போய் விழுந்தாள். முட்டிக் கவசம் ரப்பர் போன சாக்ஸ் மாதிரி கீழே இறங்கிவிட்டது. முட்டித் தோல் முழுக்க ரோட்டில் தேய்ந்தது. கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பில் விரிசல், மாவுக்கட்டு. பிறகு மணிக்கட்டுக் கவசத்தின் தையலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கைப் பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் தகடு இருக்க வேண்டும். கை ஊன்றும்போது மணிக்கட்டு பின்னால் மடங்காமல் தாங்குவது அந்தத் தகடுதான். இதில் இருந்தது அட்டை. குழந்தை உடம்புக்குப் போடுகிற பொருளில் அட்டையை வைத்துத் தைக்க எப்படி மனசு வருகிறது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

ஹெல்மெட்டையும் பார்த்தேன். உள்ளே வெறும் ஸ்பாஞ்ச். அடியைத் தாங்குவதற்கான கெட்டித் தெர்மாகோல் அடுக்கே கிடையாது. உண்மையான ஐஎஸ்ஐ முத்திரையென்றால் மேலே தர எண்ணும் கீழே உரிம எண்ணும் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. அப்படியே ஐஎஸ் 4151 என்று இருந்தாலும் அது பைக் ஓட்டுகிறவர்களுக்கான ஹெல்மெட் தரம். ஸ்கேட்போர்டு ஹெல்மெட்டுக்கு ஐரோப்பியத் தரமான ஈஎன் 1078 அல்லது அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்1492 என்று பாருங்கள். முட்டி, முழங்கை, மணிக்கட்டுக் கவசத்துக்கு ஈஎன் 14120.

சைஸ் விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்கவே வேண்டாம். தையல் டேப்பால் புருவத்துக்குக் கொஞ்சம் மேலே தலையைச் சுற்றி அளந்து, அந்த சென்டிமீட்டர் கணக்கைப் பார்த்து ஹெல்மெட் எடுங்கள். போட்டால் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும், வார் மாட்டாமல் தலையை ஆட்டினாலும் அது தனியாக ஆடக் கூடாது. மாட்டிய பிறகு தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் போகலாம். முட்டிக் கவசத்தை மாட்டிவிட்டுப் பிள்ளையை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். கால் மடங்கும்போது கவசத்தின் கிண்ணம் மாதிரியான பகுதி முட்டியின் நடுவிலேயே இருக்க வேண்டும். கையால் கீழே இழுத்துப் பாருங்கள், இறங்கினால் அந்த சைஸ் வேண்டாம். ரத்த ஓட்டம் நிற்கிற அளவுக்கு இறுக்கமாக இருந்தாலும் வேண்டாம், பிள்ளை பாதியில் கழற்றிப் போட்டுவிடும். வளர்கிற பிள்ளை என்று பள்ளிச் சீருடையைப் பெரிதாகத் தைக்கலாம், கவசம் இன்றைக்குச் சரியாக இருந்தால்தான் கவசம்.

செட்டைத் திருப்பிக் கொண்டுபோனபோது, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருந்த வரியைக் காட்டினார்கள். அந்த வரிக்கு பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் விடுவதும் அதே கணக்குத்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். நான் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் வரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன், அதற்கு இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

பில் வாங்கும்போது "ஸ்போர்ட்ஸ் ஐட்டம்" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். எங்கள் பில்லில் அப்படித்தான் இருக்கிறது, என்ன பொருள் விற்றோம் என்பதையே இப்போது மறுக்கப் பார்க்கிறார்கள். பொருளின் பெயர், கம்பெனி, சைஸ் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். கிழிந்த கவசம், அந்த அட்டை, வலைப்பை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.